உர வாளி நாறுகிறதா? சருகு போதவில்லை!

கேள்வி: மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். காய்கறிக் கழிவை 20 லிட்டர் பெயின்ட் வாளியில் போட்டு மூடி வைத்தேன். மூன்றே வாரத்தில் நாற்றம் தாங்கவில்லை, புழு வேறு நெளிகிறது. அதில் கொஞ்சம் எடுத்துக் கத்தரிச் செடிக்குப் போட்டேன். இலை மஞ்சளடித்துவிட்டது. வீட்டில் ஒரே திட்டு. தூக்கிக் கொட்டிவிடட்டுமா?

பதில்: கொட்டாதீர்கள், அது உரமாகிவிடும். முதலில் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே காற்று இல்லை. மூத்திர நெடி போல மூக்கில் ஏறினால் தழைச்சத்து மிஞ்சி அம்மோனியாவாக வெளியேறுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: காய்ந்த சருகு. ஒரு கிண்ணம் கழிவு போட்டால் இரண்டு கிண்ணம் சருகு போட வேண்டும். நிறையப் பேர் ஒரு பிடி தூவிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மாசி, பங்குனியில் வேப்ப மரம் கொட்டும்போது இரண்டு சாக்கு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காதபோது தேங்காய் நார்த்தூள், கிழித்த அட்டைப்பெட்டி போதும். புளித்த மோர் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் சருகே இல்லாத வாளியில் மோர் ஊற்றினால் ஈரம்தான் கூடும்.

ஈரப் பதத்துக்குப் புட்டுமாவை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் இன்னும் சருகு போடுங்கள். பிடிக்கவே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். வாளியின் பக்கங்களிலும் அடியிலும் ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள்.

புழுவுக்குப் பயப்பட வேண்டாம். தட்டையாக, உடம்பெல்லாம் வரிவரியாக இருந்தால், குளவி போன்ற ஒரு கறுப்பு ஈயின் புழு அது. கடிக்காது, கழிவைத் தின்று உங்கள் வேலையைத்தான் செய்கிறது. வீட்டு ஈயின் சின்னப் புழுவாக இருந்தாலும், மேலே நான்கு விரல் கனத்துக்குச் சருகு மூடினால் புதிதாக ஈ முட்டையிடுவது குறைந்துவிடும்.

கத்தரிக்கு வந்த கோளாறு வேறு. அரைகுறையாக மக்கியதைப் போட்டால், மிச்ச வேலை தொட்டிக்குள் நடக்கும். வேருக்கு வேண்டிய காற்றையும் தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும். போட்டதை இன்றே வழித்தெடுத்து வாளியிலேயே திருப்பிப் போடுங்கள்.

வாளி நிறைந்த பிறகு இரண்டரை, மூன்று மாதம் பொறுக்க வேண்டும். கறுப்பாக, சூடில்லாமல், முதல் மழை மண்வாசனை அடிக்கும். சந்தேகமிருந்தால் ஒரு கிண்ணத்தில் அந்த உரத்தையும் இன்னொன்றில் சாதாரண மண்ணையும் எடுத்துப் பத்துப் பத்து வெந்தயம் தூவுங்கள். நான்கைந்து நாளில் இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்தால் உரம் தயார். பிறகு மாதம் ஒருமுறை, மேல்மண்ணைக் கொத்திவிட்டுத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போதும். புதுத் தொட்டி நிரப்ப, செம்மண், நார்த்தூள், உரம் மூன்றும் சம பங்கு.

ஒரு சங்கதி: சின்ன வாளியில் விதைகள் வெந்து சாகும் அளவுக்குச் சூடு ஏறாது. அதனால் உரம் போட்ட தொட்டிகளில் தக்காளி, பப்பாளி எல்லாம் கேட்காமலே முளைக்கும். எங்கள் மாடியில் அப்படி வந்த பரங்கிக்கொடி ஒன்று துணிக்கொடியில் ஏறிவிட்டது. பிடுங்க மனசு வரவில்லை. துணியை இப்போது கைப்பிடிச் சுவரில்தான் காயப்போடுகிறோம்.