தொட்டிக்குள் ஓர் ஓடை: வாசகர் கேள்வி–பதில்

செடி, கல், வேர்க்கட்டை வைத்து இயற்கையான மீன்தொட்டி அமைப்பது பற்றிச் சென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் தொட்டி வாங்கியிருக்கிறோம். வீட்டில் போர் தண்ணீர்தான். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) மீட்டரில் 1,100 காட்டுகிறது. குடிக்கிற ஆர்ஓ தண்ணீர் 60. எதை ஊற்றுவது? – வேளச்சேரி வாசகி

பதில்: இரண்டையும் கலந்து ஊற்றுங்கள். செடி வாங்கும் முன்பே தண்ணீரை அளந்து பார்த்தீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி வேலை முடிந்தது. போர் தண்ணீரை மட்டும் ஊற்றினால் கண்ணாடியில் வெள்ளைக் கறை படியும், பல செடிகளில் புது இலை சுருங்கிச் சுருங்கி வரும். ஆர்ஓ தண்ணீர் மட்டும் என்றால் செடிக்கு வேண்டிய கால்சியம், மெக்னீசியம் இருக்காது. பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையை, தாங்கிப் பிடிக்கிற கார்பனேட்டும் இருக்காது. அப்படிப்பட்ட தண்ணீரில் பிஎச் திடீரென்று சரிந்துவிடலாம்.

4 பங்கு ஆர்ஓவுக்கு 1 பங்கு போர் கலந்தால் டிடிஎஸ் சுமார் 270 வரும். செடிக்கும் பெரும்பாலான சிறு மீன்களுக்கும் அது போதும். உங்கள் தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர் என்றாலும் மண், கல் போக 45 லிட்டர்தான் பிடிக்கும். முதல் தடவை 36 லிட்டர் ஆர்ஓ, 9 லிட்டர் போர். வாரம் ஒரு முறை 10 லிட்டர் எடுத்துவிட்டு 8-க்கு 2 என்று கலந்து ஊற்றுங்கள்.

தண்ணீர் மாற்றுவது வேறு, வற்றியதை நிரப்புவது வேறு. வற்றும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. வற்றின இடத்துக்கு 1 லிட்டர் போர் தண்ணீர் ஊற்றினால் 45 லிட்டர் தொட்டியில் டிடிஎஸ் 24 ஏறும். மே மாதத்தில் தினமும் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் வற்றியதை நிரப்ப ஆர்ஓ மட்டும்தான்.

அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். பொது சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி) வழியாக வரும் தண்ணீரில் கால்சியத்துக்குப் பதில் சோடியம் ஏறியிருக்கும். பாத்திரத்துக்கும் ஷவருக்கும் அது நல்லது, செடிக்கு ஆகாது. டிடிஎஸ்ஸும் குறைந்திருக்காது. கலப்பதற்கு சாஃப்ட்னருக்கு முன்னால் இருக்கும் குழாயில் பிடியுங்கள். லாரி தண்ணீர் என்றால் ஒவ்வொரு லோடையும் அளக்க வேண்டும்.

கேள்வி: கடையில் விற்கும் அக்வா சாயில் (மீன்தொட்டிச் செடிக்கான மண்) விலை கட்டுப்படியாகவில்லை. செம்மண்ணும் மாட்டு எருவும் 3 அங்குலம் போட்டுத் தண்ணீர் விட்டேன். டீ மாதிரி கலங்கிவிட்டது. தரையைக் கிளறினால் அழுகின முட்டை நாற்றம் வருகிறது. செம்மண் சரிப்படாதா? – பெரம்பூர் வாசகர்

பதில்: செம்மண் அருமையாகச் சரிப்படும். அதில் இருக்கும் இரும்புச்சத்து வேருக்கு நல்ல தீனி. கெடுத்தது எருவும் கனமும்தான். மக்காத எரு தண்ணீருக்கடியில் அழுகி அம்மோனியாவைக் கக்குகிறது. 3 அங்குல மண்ணின் அடியில் ஆக்சிஜன் போகாது. அங்கே உருவாகிற ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த முட்டை நாற்றம். இது மீனுக்கு நஞ்சு. இப்போது போட்டதை முழுக்க எடுத்துவிடுவதே நல்லது.

புதிதாகத் தொடங்கும்போது, உரம் எதுவும் கலக்காத செம்மண்ணைச் சலித்து வாளியில் ஊறவையுங்கள். மிதக்கும் வேர், சருகு, நுரை எல்லாவற்றையும் வடித்துக் கொட்டுங்கள். நாளுக்கு ஒரு முறை என நான்கு நாள் இப்படிச் செய்துவிட்டு நிழலில் உலர்த்துங்கள். 10 பங்கு மண்ணுக்கு 1 பங்கு நன்றாக மக்கிய மண்புழு உரம், அதற்கு மேல் வேண்டாம். நர்சரியில் கலந்து விற்கும் தொட்டி மண்ணில் யூரியா, டிஏபி இருக்கலாம் என்பதால் அதைத் தொடாதீர்கள்.

பெரிய கற்களை முதலில் கண்ணாடித் தரையில் மெல்லிய ஃபோம் ஷீட் விரித்து அதன் மேல் நிறுத்திவிடுங்கள். மண் மேல் வைத்தால் பிறகு சரியும். கல்லைச் சுற்றி 1 அங்குலத்துக்கு மண். 2 அடி தொட்டிக்கு 4 முதல் 4.5 லிட்டர் பிடிக்கும். முன் கண்ணாடியிலிருந்து இரண்டு விரல் இடம் விட்டுப் பரப்பினால் வெளியே மண் தெரியாது. அதன் மேல் கழுவிய ஆற்று மணல், கடுகுக்கும் கொத்தமல்லி விதைக்கும் இடைப்பட்ட பருமனில், ஒன்றரை அங்குலம். பின்பக்கம் அரை அங்குலம் கூடுதலாக ஏற்றினால் பார்வைக்கு ஆழம் கிடைக்கும். எம்-சாண்டில் தூள் அதிகம். அது இறுகி அடைத்துக்கொண்டால் பழைய நாற்றக் கதைதான். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பும் சிப்பித் தூளும் அதில் உண்டு.

மணலானாலும் கல்லானாலும் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். நம் ஊர்க் கருங்கல் நுரைக்காது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோகைட் பாறை நிலவியலில் உலகப் பெயர் பெற்றது. அதன் உடைந்த துண்டுகளைத் தேய்த்துக் கழுவி வைத்தால் ஈரத்தில் கருநீலம் ஓடும். இறக்குமதிக் கல்லில் கிடைக்காத அழகு அது.

மணல் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் மெல்லிய தாரையாகத் தண்ணீர் விடுங்கள், கலங்காது. முதல் நாளே தரையில் முக்கால்வாசிக்குச் செடி நட்டுவிட வேண்டும். மண்ணுக்குள் ஆக்சிஜனைக் கொண்டுபோவது வேர்தான்.

கேள்வி: தொட்டி வைத்து 10 நாளில் 8 நியான் டெட்ரா விட்டோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனாலும் 4 நாளில் எல்லாம் செத்துவிட்டன. ஏன்? – அண்ணா நகர் வாசகி

பதில்: அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். பிஎச் 7-ல் இருப்பதைப் போல் 8-ல் நஞ்சான அம்மோனியா ஏறக்குறைய 10 மடங்கு. நம் ஊர்த் தண்ணீர் பல இடங்களில் 8-ஐத் தொடுகிறது. போதாததற்கு நியானுக்குப் பிடித்தது 22–26 டிகிரி. நம் கோடையில் அது திணறும்.

வேண்டியவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அந்த ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். காத்திருக்கும் காலம் பாதியாகலாம். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வாரம் பூஜ்யம் காட்டிய பிறகு 4 மீன், இரண்டு வாரம் கழித்து மிச்சம். செர்ரி பார்ப், ஹார்லெக்வின் ராஸ்போரா இரண்டும் நம் சூட்டைத் தாங்கும். தண்ணீர் கடினமாக இருந்தால் கப்பி.

மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் போக ஓர் இரவு ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழ் விடும் கல்) ஓடட்டும். வாளியைக் கொசுவலைத் துணியால் கட்டிவையுங்கள். டெங்கு கொசு முட்டையிடத் தேடுவது இந்த மாதிரி தேங்கிய நல்ல தண்ணீரைத்தான். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசிப் பிழிந்தால் போதும்.

கேள்வி: மே மாதம் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி. சில்லர் வாங்க வசதியில்லை. – மேடவாக்கம் வாசகர்

பதில்: மூடியை எடுத்துவிட்டு, சிறு டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பில் சாய்வாக வீசவிடுங்கள். 2–3 டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போட்டால் சட்டென்று இறங்கி, சட்டென்று ஏறும். அந்த ஏற்ற இறக்கம் சூட்டைவிடக் கெடுதல். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, இரவில் செடியும் அதையே எடுத்துக்கொள்ளும். ராத்திரி ஏர் பம்ப் கட்டாயம். கரண்ட் போனால் ஓட பேட்டரி பம்ப் ஒன்றும் இருக்கட்டும்.

கேள்வி: அனுபியாஸ் செடியின் இலை ஓரமெல்லாம் கறுப்பாக மீசை போல் பாசி. தேய்த்தாலும் போகவில்லை. லைட் காலை முதல் இரவு வரை எரிகிறது. – குரோம்பேட்டை வாசகர்

பதில்: லைட்தான் முதல் காரணம். டைமர் போட்டு 6 மணி நேரமாகக் குறையுங்கள். அனுபியாஸ் மெதுவாக வளரும், அதன் பழைய இலையில் பாசி சுலபமாகப் பிடிக்கும். வேர்க்கட்டையின் நிழலுக்கு மாற்றிக் கட்டுங்கள். கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும்.

இருக்கிற பாசிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடை பாட்டிலில் 6 சதவீதம் என்றிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து 3 ஆக்குங்கள். ஃபில்டரை நிறுத்தி, சிரிஞ்சில் எடுத்துப் பாசி மேலேயே மெல்ல விடுங்கள். 45 லிட்டருக்கு ஒரு நாளில் 20 மில்லியைத் தாண்டக் கூடாது. இலையோரம் பொடிப்பொடியாகக் குமிழ் எழும். 10 நிமிடத்தில் ஃபில்டரை ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்பு மீசை இளஞ்சிவப்பாக மாறும். அது செத்துவிட்டது என்று அர்த்தம். இறால், மாஸ் செடி இருக்கும் தொட்டியில் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: பாசி தின்ன சக்கர் மீன் விடலாமா? – கொளத்தூர் வாசகி

பதில்: வேண்டாம். கடையில் 2 அங்குலத்தில் இருப்பது 1 அடியைத் தாண்டி வளரும், செடியை வேரோடு பிடுங்கும், பாசியைவிட அதிகமாகக் கழிவு போடும். ஏற்கெனவே விட்டிருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.