மாத்திரையால் ரத்தக்குழாய் அழற்சி: கேள்வி பதில்

ரத்தக்குழாய்ச் சுவர் அழற்சி அடைவதை வாஸ்குலைட்டிஸ் என்கிறோம். மருந்து ஒத்துக்கொள்ளாமலும் அது வரும். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தோல் மருத்துவராக என் பதில்கள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: பல் வலிக்கு 5 நாள் அமாக்சிசிலின் சாப்பிட்டேன். முடித்து ஒரு வாரம் கழித்துக் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். மெடிக்கலில் கொடுத்த அலர்ஜி மாத்திரைக்குக் கேட்கவில்லை. நிறுத்திய மருந்து எப்படி அலர்ஜி தரும்?

தரும். உடனே வரும் தடிப்பு வேறு, இது வேறு. இதில் உடம்பு மருந்துக்கு எதிராக எதிர்ப்புப் பொருளை உண்டாக்க நேரம் எடுக்கிறது. அப்புறம் இரண்டும் சேர்ந்து சின்னச் சின்ன ரத்தக்குழாய்களின் சுவரில் போய்ப் படிகின்றன. அதைத் தாக்க வரும் வெள்ளணுக்கள் சுவரையும் சேர்த்துச் சிதைக்க, ரத்தம் தோலுக்குள் கசிகிறது. முதல் மாத்திரை போட்ட நாளிலிருந்து பெரும்பாலும் 7 முதல் 21 நாளுக்குள் இது தெரியவரும். உங்கள் கணக்கு அதற்குள்தான் வருகிறது.

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துப் புள்ளியின் மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு வெளுத்துவிடும், இது வெளுக்காது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். கசிந்த ரத்தத்தை அலர்ஜி மாத்திரை ஒன்றும் செய்யாது, அரிப்பைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

அமாக்சிசிலினோடு வலிக்கு டைக்ளோஃபினாக்கும் கொடுத்திருப்பார்களே? அதுவும் சந்தேகப் பட்டியலில் உண்டு. இந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனை, கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். புள்ளி காலில் இருந்தாலும் சிக்கல் வருகிற இடம் சிறுநீரகம். அது வலிக்காது. சிறுநீரில் புரதமும் சிவப்பணுவும் போவதுதான் முதல் அடையாளம். மலிவான பரிசோதனை, ஆனால் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கே: மகனுக்கு டெங்குவோ என்று பயந்து பார்த்தோம். தட்டணுக்கள் 2,40,000. அப்புறம் ஏன் புள்ளி?

அந்த எண்ணே ஒரு துப்பு. டெங்குவில் தட்டணு குறைந்து ரத்தம் கசியலாம், அந்தப் புள்ளிகள் தட்டையாக இருக்கும். தட்டணு சரியாக இருந்தும் கால்களில் மேடான புள்ளி வந்தால், குழாய்ச் சுவர் பழுதாகியிருக்கிறதா என்று பார்ப்போம். குழந்தைகளுக்கு மருந்தே இல்லாமல், சளிக் காய்ச்சலுக்குப் பின்னாலும் இது வரும். வயிற்று வலி, மூட்டு வலி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் காரணமா, காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து காரணமா என்பது எங்களுக்கே பல நேரம் தலைவலிதான். பேப்பர் கவரில் பெயர் தெரியாத நாலு மாத்திரை வாங்கி வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கொடுத்த இடத்திலேயே பெயர்களை எழுதி வாங்குங்கள்.

கே: மனைவிக்கு வயது 34, தைராய்டு அதிகம் சுரக்கிறது. கர்ப்பத்தின்போது பி.டி.யு. மாத்திரைக்கு மாற்றினார்கள், குழந்தை பிறந்தும் மூன்று வருடமாக அதுவே. இப்போது மூட்டு வலி, மூக்கில் ரத்தம், சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில். புள்ளி எதுவும் இல்லை. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். இந்தப் பட்டியலில் என்னைக் கவலைப்படுத்திய கேள்வி இதுதான். இன்றே போங்கள்.

புரொப்பைல்தயோயூராசில் என்கிற பி.டி.யு.வைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. தைராய்டு சுரப்பைக் குறைக்க வழக்கமாகத் தரும் கார்பிமசோல் அந்தக் கட்டத்தில் கருவின் உறுப்புகளைப் பாதிக்கலாம். ஆனால் பி.டி.யு. சிலருக்கு ஆன்கா என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அது இருந்தும் நோய் வராதவர்களே அதிகம். வந்தால் மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும், சில நேரம் தோலை விட்டுவிட்டு நேராகச் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும். இதற்கு 21 நாள் கணக்குப் பொருந்தாது. ‘மூன்று வருடம் ஒத்துக்கொண்ட மாத்திரைதானே’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சிறுநீர், கிரியாட்டினின், ஆன்கா மூன்றும் வேண்டும். சிறுநீரக மருத்துவரும் தைராய்டு மருத்துவரும் பேசிக்கொள்ள வேண்டும். கார்பிமசோலும் ரசாயன ரீதியில் நெருங்கிய உறவு என்பதால், அதற்கு மாற்றுவதா, கதிரியக்க அயோடினா, அறுவை சிகிச்சையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இருமலில் ரத்தம் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசினும், முகப்பருவுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் மினோசைக்ளினும் இதே வகை வேலையைச் செய்யக்கூடியவை.

கே: பையனுக்கு நெஃப்ரோடிக் நோய்க்கு (சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோய்) லெவமிசோல் தருகிறார்கள். காது மடல் ஊதா நிறமாகிறது.

உடனே அந்த மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த மருந்துக்குக் காது மடல் பழக்கமான இடம். அமெரிக்காவில் கோகைனில் இதைக் கலப்படம் செய்ததால் காது கறுத்துப்போய் வந்தவர்கள் பலர்.

கே: எனக்கு வலிப்பு மாத்திரையால் என்கிறார்கள். இன்றிலிருந்து நிறுத்திவிட்டேன், சரிதானே?

சரியில்லை. ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். காரணமான மருந்தை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை, ஆனால் மாற்று மருந்து கையில் இருக்க வேண்டும். இப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கே: ஸ்டீராய்டு வேண்டாம் என்றால்?

தோலோடு நின்றால் பலருக்குத் தேவையே இல்லை. மருந்தை விட்டு, காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுத்தால் சில வாரங்களில் அடங்கும், தழும்பு நிறம் மெதுவாகப் போகும். சிறுநீரகம் தொடப்பட்டிருந்தால் பேச்சே வேறு. அங்கே ஸ்டீராய்டுக்குப் பயப்படுகிற நேரம் சிறுநீரகத்துக்கு நஷ்டம்.

கே: தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி அவசியமா?

சந்தேகம் இருந்தால் ஆம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்த புதுப் புள்ளியில் எடுப்பது நல்லது. பழையதில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

கே: நாட்டு மருந்தையும் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், பொட்டலத்தோடு கொண்டு வாருங்கள். திட்ட மாட்டோம்.

கே: இனி அந்த மருந்து எடுக்கவே கூடாதா? யாரிடம் புகார் சொல்வது?

அதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டாம். பெயரை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், பல் டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள். இந்தியாவில் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நோயாளிகளே கூப்பிடலாம், மருந்தின் பெயரும் தொடங்கிய தேதியும் கையில் இருக்கட்டும்.