வாசகர் கேள்வி: எழுத்து அழிந்த செப்புக்காசு

கேள்வி: ஐயா, அப்பத்தா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். மஞ்சள் துணியில் முடிந்து ஏழு செப்புக்காசுகள் இருந்தன. எல்லாம் மழுங்கிக் கறுத்திருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியும் என்கிறார் மாமியார். தேய்க்கலாமா?
– வாசகி, மோல்மேன்

பதில்: வேண்டாம் அம்மா, புளிப்பக்கமே போகாதீர்கள். இருபது வயதில் ரங்கூன் மொகல் தெருவில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு செப்புக்காசு வாங்கினேன். தோகை விரித்த மயில் மங்கலாகத் தெரிந்தது. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். கழுவிப் பார்த்தால் ரோஸ் நிறத்தில் வெறும் தகடு! நான் அழுக்கு என்று நினைத்தது செம்பின் மேலே காலம் போர்த்திய படலம். மயிலின் மிச்சக் கோடு அந்தப் படலத்தில்தான் நின்றிருக்கிறது. பர்மிய மன்னர் மிண்டோன் காலத்துக் கால் பே அது; பே என்பது அந்தக் காலத்துப் பர்மியக் காசு. அந்தத் தகட்டை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, காசை மேசையில் வைத்து, கைபேசி டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் மேசையோடு படுக்கவைத்து அடியுங்கள். காசை மெல்லச் சுற்றுங்கள். பகலில் மொட்டையாகத் தெரிந்த காசில் ஒரு கொண்டை, ஒரு கழுத்துக் கோடு நிழலாக எழும்பும். முகம்தான் மேடானது, அதனால் முதலில் தேய்கிறது. விளிம்போரத்து எழுத்து பெரும்பாலும் அதைவிடத் தாங்கும். விக்டோரியா காலணாவில் ஆண்டு போய்விட்டாலும் ‘குயின்’ என்று எழுத்து மிஞ்சியிருந்தால் 1862 முதல் 1876 வரை. ‘எம்ப்ரஸ்’ என்றால் 1877 முதல். தலையே இல்லாமல் இரண்டு சிங்கம் தாங்கிய கேடயம் தெரிந்தால் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு.

அப்புறம் எடை. நகைக்கடையில் பே, யுவே என்று பர்மிய எடையில் சொல்வார்கள், கிராமில் கேட்டு வாங்குங்கள். செப்புக் காலணா புதிதில் 6.47 கிராம். 1906இல் வெண்கலத்துக்கு மாறியபோது 4.86 ஆகக் குறைந்தது, அகலம் ஏறக்குறைய அதேதான். காசு தேயத் தேய எடை குறையும், கூடாது. ஆகவே ஐந்து கிராமுக்கு மேல் நிற்கும் காலணா பழைய செம்புதான். நடுவில் ஓட்டை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா.

வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து தெரிந்தால் அதில் உள்ள ஆண்டோடு 638 கூட்டுங்கள். மயில் போட்ட கால் பேயில் 1227 இருக்கும், கூட்டினால் 1865. 1240 என்று இருந்தால் தீபோ மன்னர் காலம், 1878.

அந்த மஞ்சள் துணியையும் பத்திரமாக வையுங்கள். ஏழும் ஒரே முடிச்சில் இருந்தன என்பதே ஒரு சேதி.

கேள்வி: ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, அரையணா, ராமர் பட்டாபிஷேகம். இப்படி ஒரு காசு இருக்கிறது. காந்தம் போல அரிசியை இழுக்கும் என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார்.
– வாசகர், பெகு

பதில்: கம்பெனி ராமர் பட்டாபிஷேகத்தோடு அரையணா அடிக்கவே இல்லை, தம்பி. சென்னை நாணயச்சாலை கோபுரமும் பெருமாளும் போட்டு அரை வராகன், கால் வராகன் அடித்தது உண்மை, ஆனால் அவை வெள்ளி. உங்களிடம் இருப்பது பிற்காலத்தில் யாரோ செய்த பூஜை வில்லை, காசு அல்ல. பூஜை அறையில் வைத்துக் கும்பிடுங்கள், தவறில்லை. அரிசியை எந்தச் செம்பும் இழுக்காது. அந்த ஆள் முன்பணம் கேட்டால் ஒரு காசும் கொடுத்துவிடாதீர்கள்.