கட்டற்ற மென்பொருள் லைப்ரரிக்கு நிரல் அனுப்பினால் ஏன் உடனே சேர்ப்பதில்லை?

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் கேட்பது இது: யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றுதானே சொன்னார்கள், அப்புறம் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

லைப்ரரி என்பது பல மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல். அதை நகலெடுத்து, நகலில் திருத்தி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பும் வேண்டுகோள்தான் புல் ரிக்வெஸ்ட். பராமரிப்பவர் பார்த்த பிறகே அது மூலத்தில் சேரும்.

ஏன்? விடுமுறை நாட்களைச் சொல்லும் ஒரு லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது விடுமுறை ஞாயிறன்று வந்தால் மறுநாள் திங்களும் விடுமுறை. 2026-இல் மகளிர் தினமான ஆகஸ்ட் 9 ஞாயிறு. எனவே 10-ஆம் தேதியும் விடுமுறை. சரி, நாலு வரியில் எழுதிவிடலாம். ஆனால் 2022-இல் கிறிஸ்துமஸ் ஞாயிறன்று வந்தது; திங்களோ ஏற்கெனவே நல்லெண்ண நாள் என்ற பொது விடுமுறை. அதனால் 27-ஆம் தேதியைத் தனியாக விடுமுறையாக அறிவித்தார்கள். உங்கள் நாலு வரி இங்கேதான் சறுக்கும். அதை நம்பிச் சம்பளம் போடும் மென்பொருள்கள் எல்லாம் தப்பாகக் கணக்குச் சொல்லும். ஆகவே இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் சோதனை, அதாவது நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் குட்டி நிரல், எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்; என்னைக் கேட்டால் நிரலைவிட அதுதான் முக்கியம்.

கோயில் அன்னதானம் மாதிரிதான். காய்கறி யாரும் கொண்டுவரலாம். அண்டாவில் போடுமுன் தலைமைச் சமையல்காரர் ஒருமுறை பார்ப்பார்.

மறுத்துவிட்டால் 'கட்டற்றது என்பதே பொய்' என்று சிலர் கோபிப்பார்கள். உரிமம் தருவது உங்கள் நகலை மாற்றவும் பகிரவும் உள்ள உரிமை, பராமரிப்பவரின் நகலில் கைவைக்கும் உரிமை அல்ல.