அறிவியல் கண்காட்சி: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

அரசுப் பள்ளியில் பல ஆண்டுகள் இயற்பியல் நடத்தினேன். கண்காட்சிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன், நடுவராகவும் போயிருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா: மகள் இந்த வருஷமும் எரிமலை மாடல்தான் என்கிறாள். வேறு ஏதாவது சொல்லுங்கள் ஐயா.

அதே பொருள்கள் இருக்கட்டும் அம்மா, கேள்வியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். நிஜ எரிமலையில் நடப்பது அதுவல்ல. பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும் அழுத்தம் குறையும்போது விரிந்து, குழம்பை வெளியே தள்ளுகின்றன. மாடலைப் பார்ப்பவர் தவறான விஷயத்தைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்.

ஒரு ஸ்பூன் சோடாவைப் பலூனுக்குள் போட்டு, வினிகர் ஊற்றிய பாட்டிலின் வாயில் மாட்டட்டும். பலூனைத் தூக்கினால் சோடா உள்ளே விழும். ஊதிய பலூனை நூலால் சுற்றி அளக்கட்டும். ஒவ்வொரு தடவையும் வினிகரைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் பலூன் பெரிதாகாமல் நின்றுவிடும். ஏன் நின்றது என்று அவளே கண்டுபிடிக்க விடுங்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கிராமத்துப் பள்ளி ஆசிரியை: எங்களிடம் லேப் இல்லை, பணமும் இல்லை. என்ன செய்ய முடியும் சார்?

டீச்சர், நான் பார்த்ததிலேயே சிறந்த ஸ்டாலில் மூன்று மண்பானைகளும் ஓர் எவர்சில்வர் குடமும் ஒரு தெர்மாமீட்டரும்தான் இருந்தன. ஒன்று புதுப் பானை, ஒன்று பல வருஷம் புழங்கிய பானை, மூன்றாவது வெளியே பெயின்ட் அடித்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு வாரம் மணிக்கொரு தரம் வெப்பநிலை குறித்திருந்தாள். புதுப் பானையில்தான் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருந்தது. பெயின்ட் அடித்த பானைக்கும் எவர்சில்வர் குடத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. துளையை அடைத்துவிட்டால் குளிர்ச்சிக்கு வழியில்லை.

வேடிக்கை பார்க்க வந்த ஒரு பாட்டி, “மழை நாள்ல புதுப் பானையிலகூட தண்ணி குளிராதே, அது ஏம்மா?” என்று கேட்டார். அந்தப் பெண் நோட்டைப் புரட்டினாள். மழை பெய்த இரண்டு நாள் அளவுகளும் அப்படித்தான் இருந்தன. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும் என்று இரண்டு பேரும் பேசிப் பேசியே வந்து சேர்ந்தார்கள். கண்ணால் பார்ப்பதைக் கேள்வி கேட்டு, ஆதாரத்தோடு யோசிக்கும் பழக்கத்தை அறிவியல் எழுத்தறிவு என்று சொல்கிறார்களே, அது அந்தப் பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஒரு தந்தை: கடையில் ரெடிமேட் மாடல் விற்கிறார்கள். வாங்கிக் கொடுப்பது தப்பா?

வேண்டாம். ஒருமுறை, பளபளவென்று விளக்கெரிந்த ஒரு மாடலுக்கு நானே முதல் பரிசு எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அந்தப் பையனிடம் பேசியபோதுதான் தெரிந்தது, அதற்குள் இருக்கும் ஒரு வயர் எதற்கு என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசையில் தானே செய்து கொண்டுவந்த பிள்ளை வெறுங்கையோடு போனது இன்னும் மனசில் இருக்கிறது. அன்றிலிருந்து மாடலைப் பார்ப்பதற்கு முன்னால் நோட்டைக் கேட்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன்: மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் விடும் கருவி செய்கிறேன். யூடியூப் பார்த்து ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகைக்கு புரோகிராம் எழுதிவிட்டேன். போதுமா சார்?

நல்லது தம்பி. ஆனால் மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார் காட்டும் எண்ணுக்கு என்ன அர்த்தம்? காய்ந்த மண்ணோடு தொட்டியை எடை போடு, 50 மில்லி தண்ணீர் ஊற்று, எண்ணைக் குறி, மறுபடி ஊற்று. எந்த எண்ணில் செடி வாடத் தொடங்குகிறது என்று பார். இரண்டு உலோகக் கம்பி நீட்டியிருக்கும் மலிவான சென்சார் என்றால், மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்போது கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். அளக்கும்போது மட்டும் மின்சாரம் கொடு. கருவி எப்போது தப்பாகச் சொல்லும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் தொழில்நுட்ப அறிவு.

தலைமையாசிரியர் ஒருவர்: ஊர்க்காரர்கள் யாரும் கண்காட்சிக்கு வருவதில்லையே?

காலை பத்து மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள் ஐயா? சாயங்காலம் நாலிலிருந்து ஏழுவரை வைத்துப் பாருங்கள். தலைப்பும் ஊரைச் சேர்ந்ததாக இருக்கட்டும்: கிணற்று நீரின் உப்பு, கொசு முட்டையிடும் இடங்கள், தெருவிளக்குக்கு ஆகும் மின்சாரம். 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இப்படித்தான், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளைத் தங்கள் ஊர்ப் பிரச்சினையையே ஆராயச் சொல்கிறது. மாடல் செய்யப் பணம் தேவைப்பட்டால் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு யோசனையை அனுப்புங்கள். தேர்வானால் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கும்.

எட்டாம் வகுப்பு மாணவி: பாட்டு கேட்ட பயறு வேகமாக வளரும் என்று நினைத்தேன். அப்படி வளரவில்லை. முடிவை மாற்றி எழுதலாமா சார்?

மாற்றவே மாற்றாதே அம்மா. வளரவில்லை என்பதும் முடிவுதான், அதையே பெரிதாக எழுதி ஒட்டு. எத்தனை பயறு போட்டாய்? ஐந்துதான் என்றால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் முப்பது முப்பது போடு. அதே மண், அதே வெயில், அதே அளவு தண்ணீர், பாட்டு மட்டும் ஒரு பக்கத்துக்கு. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றால் இன்றைக்கே ஊறப்போட்டுவிடு.