மே மாதத்தில் வந்து பாருங்கள்: ராமநாதபுரம் கடலோரம் குடியேற கேள்வி பதில்

பதில் சொல்பவர் உச்சிப்புளிப் பக்கம் வீடு கட்டித் தரும் பொறியாளர். கேட்டவர்களில் பெரும்பாலோர் 45 தாண்டி, ஊர் திரும்ப நினைப்பவர்கள்.

ஆவடியிலிருந்து: பூர்வீகம் சாயல்குடி. பிள்ளைகள் படிப்பு முடிந்தது. சாயல்குடிக்கே போகலாமா, உச்சிப்புளியா, ராமநாதபுரம் டவுனா?

பதில்: முதலில் தண்ணீரைப் பாருங்கள், அப்புறம்தான் நிலம். உச்சிப்புளி, இரட்டையூரணிப் பக்கம் மணல் பூமி. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். அதை நம்பித்தான் அங்கே தென்னந்தோப்புகள். சாயல்குடிப் பக்கம் பனையும் சீமைக்கருவேலமும்தான் கண்ணில் படும். மரத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மணல் பூமியிலும் பேராசை கூடாது. நான் வேலை பார்த்த ஒரு மனையில் மேலாக நல்ல தண்ணீர் கிடைத்தது. "இன்னும் இறக்கினால் நிறைய வரும்" என்று போர்வெல் போடுகிறவர் குழாயை ஆழமாக இறக்கினார். வாளியில் பிடித்து நாக்கில் வைத்தேன், கடல் தண்ணீர். அதில் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, தளம் பிளந்துவிடும்.

காவிரி கூட்டுக் குடிநீர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் எல்லா ஊருக்கும் தினமும் வராது. நீங்கள் பார்க்கிற தெருவில் குடம் அடுக்கிய தள்ளுவண்டிகள் எத்தனை மணிக்குக் கிளம்புகின்றன, எவ்வளவு தூரம் போகின்றன என்று ஒரு காலை நின்று பாருங்கள். மார்கழியில் வந்து பச்சையைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மே மாதத்தில் வாருங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து: அலை சத்தம் கேட்கிற மாதிரி, கடலை ஒட்டி வீடு வேண்டும்.

பதில்: உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஓதத்தில் கடல் ஏறி வரும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம்; அதற்குள் கட்டக் கட்டுப்பாடு உண்டு. கிராமப் பகுதியில் பொதுவாக முதல் 200 மீட்டரில் புது வீட்டுக்கு இடமில்லை. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

கோவையிலிருந்து: எனக்கு இதய சிகிச்சை நடந்திருக்கிறது. ராமேஸ்வரம் சரியா?

பதில்: சாமி கும்பிட வாருங்கள், குடியேற வேண்டாம். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதைத் தாண்டிய சிகிச்சை என்றால் மதுரைதான். ராமநாதபுரத்திலிருந்தே 110 கிலோமீட்டருக்கு மேல். தீவிலிருந்து கிளம்பினால் 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் சாலை வழி. விடுமுறை நாளில் அதன் மேல் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்கள் ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு ராமநாதபுரம் டவுன் போதும்.

தொண்டியிலிருந்து: எல்லோருக்கும் தெற்கையே சொல்கிறீர்கள். எங்கள் பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், குளம் மாதிரி கிடக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையும் இருக்கிறது.

கீழக்கரையிலிருந்து குறுக்கே ஒருவர்: அண்ணே, கரையில் ஒதுங்குகிற கடற்பாசி நாற்றத்தையும் சொல்லுங்கள்!

தொண்டிக்காரர்: கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் உங்கள் மன்னார் வளைகுடாக் கரை என்ன பாடு படும் என்று நாங்கள் பார்க்காததா?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடை எழுந்தால் அப்படியே மாறிவிடும். பெண்கடல் என்ற பேரை நம்பி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது; 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். குடியிருக்கிறவருக்கு இரண்டு கடலும் ஒன்றுதான். உப்புக் காற்று இரண்டு பக்கமும் ஜன்னல் கம்பியைத் தின்னும். அண்ணன்மார் இருவரும் மே மாதம் வீட்டுத் தண்ணீரை ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் என்னிடம் இருக்கிறது. 500-க்குள் வந்தால் டீ என் செலவு.

கீழக்கரைக்காரர்: எங்கள் வீட்டில் லாரித் தண்ணீர்.

பதில்: அதைத்தான் கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து: கடலுக்குப் பக்கத்தில் பட்டா நிலம் வருகிறது. வாங்கலாமா?

பதில்: குரோம்பேட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருச்சியிலிருந்து: கடற்கரை மனை, சல்லிசு விலை...

பதில்: 500 மீட்டர். 200 மீட்டர். அப்ரூவல் இல்லாத மனையா என்றும் பாருங்கள். பட்டா, வில்லங்கம், புல வரைபடம் மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள், என்னிடம் வேண்டாம்.

மதுரையிலிருந்து: வாங்காமல் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. சின்னக் கிராமங்களில் வாடகை வீடு லேசில் கிடைக்காது. ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ எடுத்துக்கொண்டு, நினைத்த ஊருக்குப் போய் வாருங்கள். ஐப்பசியில் வந்தால் மழை, வாடை, கோடை, கச்சான் எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். இரும்புக் கட்டிலை மட்டும் மதுரையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.