அக்காவின் பெயரோடு வளர்ந்தவள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நான் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையைச் சேர்ந்தவள். 2004 டிசம்பர் 26 அன்று எட்டு வயது மகளையும் ஐந்து வயது மகனையும் கடலுக்குப் பறிகொடுத்தேன். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த என்னைப் போன்ற தாய்மாருக்கு அரசு செலவில் கருக்குழாயை மறுபடி இணைத்துவிட்டார்கள். அதன் பின் 2007இல் பிறந்தவள்தான் இப்போதுள்ள மகள். மூத்தவளின் பெயரையே வைத்தோம். அவ்வளவு ஏங்கிப் பெற்றவள் இன்று என்னை மதிப்பதில்லை. ஊரே கடலில் பால் ஊற்றி மலர் தூவும் நாளில் இவள் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மூத்தவள் ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. இவளோ கோவையில்தான் செவிலியர் படிப்பு என்று பிடிவாதம் பிடிக்கிறாள்; கணவரும் அவள் பக்கமே. அலை வராமலிருந்தால் நான் பிறந்திருக்கவே மாட்டேன் அல்லவா என்று அன்றைக்குக் கேட்டாள். வாய்க்கு வந்ததைப் பேசாதே என்று அதட்டி அனுப்பினேன், அது போகட்டும். உடன்பிறந்தவர்களின் நாளைக்கூட மதிக்காதவளைத் தனியாக எப்படி அனுப்புவது?

வாசகி, நாகை மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

படிப்பையும் பிடிவாதத்தையும் ஒதுக்கிவிட்டு, போகட்டும் என்று நீங்கள் தாண்டிச் சென்ற கேள்வியிலேயே நிற்கிறேன். அதைக் கேட்கத் துணிவதற்கே அவளுக்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். உடன்பிறந்தவர்களின் சாவினால்தான் தனக்கு உயிர் கிடைத்தது என்று நம்பும் பெண், ஊர் அழும் நாளில் எந்த முகத்தோடு கரையில் வந்து நிற்பாள்? நீங்கள் அலட்சியம் என்கிறீர்கள்; எனக்குக் குற்றவுணர்வாகவே தெரிகிறது.

உங்கள் துயரத்தை அளக்க யாராலும் இயலாது. ஆனாலும், எட்டு வயதோடு நின்றுவிட்ட குழந்தையோடு பதினெட்டு வயதுப் பெண்ணை ஒப்பிடுவது நியாயமல்ல. மூத்தவள் இருந்திருந்தால் அவளும் வளர்ந்து, எதிர்த்துப் பேசி, வெளியூர் போக அடம்பிடித்திருக்கக்கூடும். இளையவளுக்குப் பெயரோடு அந்த இடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். அதில் அவளால் எப்படியும் பொருந்த முடியாது.

அவளை அருகில் உட்காரவைத்து, ஆமாம், அவர்கள் இருந்திருந்தால் உன்னைப் பெற்றிருக்க மாட்டோம் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், மறுத்தால் நம்பமாட்டாள். பிறகு, மீண்டும் அறுவை சிகிச்சைக்குப் படுத்தபோது மனத்தில் என்ன இருந்தது, எந்த நாளில் அக்காவை நினையாமல் அவளை அவளாகவே பார்த்துச் சிரித்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்படியொரு நாள் நினைவுக்கு வராவிட்டால், அவளைத் திருத்துவதற்கு முன் நீங்கள் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், இருபது ஆண்டு கழிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். கோவைக்கு அனுப்புங்கள். இந்த டிசம்பரில் அவளைக் கரைக்கு அழைக்காதீர்கள்.